கட்டிலில் கிடந்தபடி நான் செருகச் சொன்ன வேப்பிலை

புளூ காய்ச்சலில் படுத்து எழுந்தவர்கள் எல்லாரும் இப்போது ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். இரண்டு நாள் மூக்கு ஒழுகியவன்கூட, எமன் வந்து கட்டில் காலைப் பிடித்தான் என்கிறான். என் கட்டிலுக்கு எமன் வரவில்லை. வந்ததெல்லாம் சொந்தக்காரர்களும் ஊர்க்காரர்களும். எமன் வந்திருந்தால் ஒரு ஆளோடு வேலை முடிந்திருக்கும்.

நான் ஜவளகிரிக் காட்டோரத்தில் பிறந்தவன். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். புளி உலுக்குகிறவர்கள் பின்னால் கூடை தூக்கிப் போனவன், இன்றைக்குச் சூளகிரியில் பெங்களூர் ரோட்டின் மேலேயே சொந்த மண்டி வைத்திருக்கிறேன். கையில் அமுக்கிப் பார்த்தே எந்த மலைப் புளி, மழையில் நனைந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவேன். படித்தவர்கள் இந்தக் காய்ச்சலைப் பற்றி எழுதியதையெல்லாம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஒருவனாவது உள்ளதை உள்ளபடி எழுதவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

செய்தி எங்கள் ஊருக்கு வந்த லட்சணத்தை முதலில் சொல்கிறேன். மெட்ராஸ் பேப்பர் பஸ்ஸில் வந்து காபி கிளப் கிருஷ்ணப்பாவிடம் இறங்கும். அவன் உரக்கப் படிப்பான், ஊர் கேட்கும். எனக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். கூட்டி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும் என்பதால் நானும் கேட்கிறவர்களோடு உட்காருவேன். கிருஷ்ணப்பா பேப்பரில் இருப்பதில் பாதியைப் படிப்பான். மீதியை அவனே போடுவான்.

ஐம்பத்தேழாம் வருஷம், மாம்பழக் காலம். கப்பலில் வந்தவர்களோடு ஒரு காய்ச்சல் மெட்ராஸில் இறங்கியிருக்கிறது என்று படித்தான்.

"கப்பல்லருந்து எறங்கிடுச்சாம், அண்ணா," என்றான், அது பெட்டி படுக்கையோடு இறங்கியதைப் பார்த்தவன் போல.

"எறங்கட்டும். சூளகிரிக்கு எந்த பஸ்ல வருதுன்னு போட்டிருக்கானா பாரு," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

கொஞ்ச நாளில் அது பெங்களூருக்கே வந்துவிட்டது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள், மில்லுகளில் பாதி ஆள் இல்லை என்று செய்தி. அப்போது யாரும் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பெங்களூரில் ஆள் இல்லாத வீடு ஏது? என் மகள் சரோஜாவைக் கட்டியவனே அங்கே மில்லில்தான் வேலை. அவளைத் தலைப்பிரசவத்துக்கு நாங்கள் முன்பே கூட்டி வந்திருந்தது நல்லதாகப் போயிற்று. அவளுக்கு ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

பிறகு ஒருநாள், எங்கேயோ சீமையில் இதற்குத் தடுப்பு ஊசி செய்கிறார்கள் என்று பேப்பரில் வந்தது. கிருஷ்ணப்பா அதைப் படித்து முடித்து, "மைசூர் எல்லையிலயே போட ஆரம்பிச்சுட்டாங்களாம்," என்று தன் பங்கைச் சேர்த்தான். சீமையில் செய்த ஊசி சூளகிரி காபி கிளப்புக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் எல்லைக்கு அந்தப் பக்கத்து அத்திப்பள்ளிக்கு வந்துவிட்டது. மறுநாளே கூட்டம் வண்டி கட்டிக்கொண்டு எல்லை தாண்டிப் போயிற்று. அங்கே எவனோ ஒருவன், ஒரு டாக்டர் வீட்டில் பாட்டில் கழுவினவன், பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தானாம். போனவர்கள் மேல்கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள், மெடல் குத்திக்கொண்டு வந்தவர்கள் மாதிரி.

"என்ன கலர்டா மருந்து?" என்று என் மண்டி ஆள் ஒருவனைக் கேட்டேன்.

"செவப்புங்க. நல்லா கெட்டிச் செவப்பு."

"அது சத்து ஊசிடா, மடையா. காய்ச்சலு உன்னைத் தின்னறப்ப கொஞ்சம் ருசியா இருப்பே."

ஊசி போட்டுக்கொண்டவர்கள்தான் முதலில் படுத்தார்கள். அவ்வளவு கூட்டத்தில், அவ்வளவு இருமலுக்கு நடுவே முண்டியடித்து நின்றால் வேறென்ன வரும்? அவர்களில் ஒருவன் என் தராசுக்கு எதிரே நின்று தும்மினான். மறுநாள் சாயங்காலம் எனக்கு முதுகு சிலிர்த்தது. முட்டியை யாரோ உலக்கையால் இடிக்கிற மாதிரி வலி. கண் குழிக்குள் நெருப்பு.

நான் வீட்டுக்குப் போகவில்லை. இதை எந்த டாக்டரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு மூட்டையில் பூச்சி விழுந்தால் அதைத் தனியாக இழுத்துப் போடுகிறவன் நான்; பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டுக்கு இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு போவேனா? மண்டிக்கு எதிரே லாரி நிறுத்துகிற கொட்டகையில் கோணியை விரித்துப் படுத்தேன். என் மனைவி நாகம்மா தூக்குப்போசியில் மிளகு ரசம் கொண்டு வந்து தூரத்தில் வைத்துவிட்டுப் போனாள். மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் காதர் பாய் தன் லாரியில் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓசூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பாய் மாம்பழ வியாபாரி. முப்பது வருஷமாக என்னோடு சண்டை போடுகிறவர். நான் மதிக்கிற சில பேரில் ஒருவர். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம்; அதை நடத்தியவர்கள் நல்லவர்கள்தான், வந்தவர்கள்தான் சரியில்லை.

வராந்தாவில் ஈ மொய்க்கிற மாதிரி ஜனம். ஒவ்வொரு நோயாளியோடும் நாலு பேர் துணை. துணைக்கு வந்தவன் நோயாளியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அவன் எச்சில் பட்ட டம்ளரிலேயே காபி குடிக்கிறான். டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சின்னப் பையன். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. இவனா என்னைப் பார்க்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் ரப்பர் குழாயை முதுகில் வைத்து, "மூச்சை இழுங்க பெரியவரே," என்றான். இழுத்தேன். உள்ளே காய்ந்த புளியங்காய் குலுங்குகிற மாதிரி எனக்கே சத்தம் கேட்டது.

"நிமோனியா பிடிச்சிருக்கு," என்றான்.

"புளூன்னாங்களே?"

"அதுதான் முதல்ல வந்தது. அதுக்கு எங்ககிட்ட மருந்து இல்லை. அது நெஞ்சைப் புண்ணாக்கிட்டுப் போயிடும். அந்தப் புண்ணுல வேற கிருமி வந்து, நுரையீரல்ல சளி கட்டிக்கும். அதுக்குப் பேர்தான் நிமோனியா. அதுக்குப் பெனிசிலின் இருக்கு."

எனக்குப் புரிந்துவிட்டது. முதல் திருடன் மண்டிக் கதவை உடைத்துவிட்டுப் போகிறான். பின்னால் வருகிறவன்தான் மூட்டையைத் தூக்குகிறான். பெனிசிலின் இரண்டாமவனைப் பிடிக்கிற போலீஸ். கிருஷ்ணப்பா வாரக்கணக்கில் பேப்பரை விரித்து வைத்துச் சொன்னதில் இந்த ஒரு விஷயம் இல்லை.

பெனிசிலின் ஊசி லேசில்லை. இடுப்பில் ஏற்றினால் கால் கட்டை விரல்வரை கடுக்கும். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். பக்கத்துக் கட்டிலில் சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவர் ஊசியைப் பார்த்ததுமே அம்மா என்று கத்துவார். ராத்திரியில் எனக்கும் பயம் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. மூச்சு பாதி வழியில் நின்றுகொண்டு உள்ளே வரட்டுமா என்று கேட்கும். ஆனால் நான் கத்தவில்லை.

மூச்சிரைப்பு கொஞ்சம் தணிந்ததும் ஊர் வர ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் ஒருவன் ஆஸ்பத்திரியில் கிடந்தால் போய்ப் பார்க்காதவன் மனுஷனே இல்லை. கூடைகூடையாக மாம்பழம் வந்தது. கட்டிலிலேயே உட்கார்ந்து, என் முகத்துக்கு நேரே குனிந்து, "என்னாங்க இப்படி எளச்சிட்டீங்க?" என்பார்கள். இருமுவார்கள். எனக்கு வந்த பழத்தை அவர்களே அறுத்துத் தின்பார்கள். அதோடு போனால் பரவாயில்லை.

"இப்ப எங்க போறே?" என்று ஒருத்தியைக் கேட்டேன்.

"சூளகிரிக்குத்தாங்க. சரோஜாளப் பாத்து நைனா நல்லா இருக்காருன்னு சொல்ல வேணாமா? மாசமா இருக்கற பொண்ணு, மனசு கெடந்து அடிச்சுக்குமில்ல?"

என் கட்டிலில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் நேராக என் மகளின் படுக்கைக்குத்தான் போகிறார்கள். டாக்டர் வந்ததும் கேட்டேன், ஒன்பது மாசக்காரிக்கு இது வந்தால் என்ன ஆகும் என்று. அந்தப் பையன் குழாயைக் கழுத்தில் சுற்றிக்கொண்டான்.

"மற்றவங்களைவிட அவங்களுக்கு ரொம்ப ஆபத்து, பெரியவரே. தாய்க்கும், குழந்தைக்கும். யாரையும் வீட்டுக்குள்ள விடாதீங்க."

யாரையும் விடாதே என்றால் எங்கள் ஊரில் யார் கேட்பார்கள்? கதவைச் சாத்தினால் ஜன்னலில் கூப்பிடுவார்கள். பணக்காரன் ஆனதும் திமிர் என்பார்கள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தேன். எங்கள் ஜனம் டாக்டருக்குப் பயப்படாது, போலீசுக்குப் பயப்படாது. நிலைப்படியில் வேப்பிலை செருகியிருந்தால் மட்டும் தெருவோடு போகிறவன்கூட எதிர்ப்பக்கமாக ஒதுங்கிப் போவான். அந்த வீட்டில் ஆத்தா வந்திருக்கிறாள், அம்மை வார்த்திருக்கிறது என்று அர்த்தம். உள்ளே இருக்கிறவர்கள் வெளியே வர மாட்டார்கள், வெளியே இருப்பவர்கள் உள்ளே போக மாட்டார்கள்.

காதர் பாயிடம் சொல்லி அனுப்பினேன். நாகம்மாவை வேப்பிலை செருகச் சொல்லுங்கள் என்று. மறுநாள் பாய் பதிலோடு வந்தார்.

"உங்க வீட்டம்மா என்னைத் திட்டலை. உங்களைத் திட்டினாங்க. புள்ள பெக்கற வீட்ல, ஆத்தா பேரை வெச்சுப் பொய்யா எல செருகறதா? ஆத்தாவும் புள்ளப் பேறும் ஒரு வீட்ல ஆகவே ஆகாது, அவருக்குக் காய்ச்சல்ல மூளை கொழம்பிடுச்சுன்னு சொல்லச் சொன்னாங்க."

"ஆத்தாவுக்கு வேற வேலை இல்லையா பாய்? எங்க வீட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருக்காளா?"

"அதை நீங்க ரெண்டு பேரும் பேசிக்குங்க. எங்க பக்கம் அதுக்குக் கணக்கில்ல," என்று பாய் சிரித்துக்கொண்டே போனார்.

கடைசியில் நாகம்மாவைச் செருக வைத்தது நான் இல்லை, கிருஷ்ணப்பா. என்னைப் பார்த்துவிட்டு அவன் நேராக எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறான். கூடத்தில் சரோஜா படுத்திருந்த பாய்க்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெங்களூர்ச் செய்தி சொல்கிறேன் என்று பேப்பரை விரித்திருக்கிறான். நாலு வரி படித்ததும் ஒரு தும்மல். பேப்பராலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நம்ம தும்மலு அதில்லம்மா, இது தூசி. நான்தான் அத்திப்பள்ளி ஊசி போட்டவனாச்சே," என்றானாம்.

"எழுந்திரி," என்றாள் நாகம்மா.

"அக்கா, பெங்களூர் சேதி இன்னும்..."

"எழுந்திரிடா!"

அவன் வாசலைத் தாண்டியதும் அவள் கொல்லைப்புறம் போய் வேப்பங்கொத்து ஒடித்து வந்து நிலையின் இரண்டு பக்கமும் செருகினாள். செருகும்போது அழுதாள் என்று சரோஜா சொன்னாள். இல்லை என்கிறாள் நாகம்மா.

அன்றோடு தெரு ஓய்ந்தது. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களும் நின்றுவிட்டார்கள். அம்மை கண்ட வீட்டுக்காரனை யார் பார்க்க வருவார்கள்? நான் முதல்முறையாக நிம்மதியாகத் தூங்கினேன். அத்தனை படித்தவர்களும் பேப்பர்களும் செய்யாததை நான் கட்டிலில் கிடந்தபடி ஒரு கொத்து இலையால் செய்துவிட்டேன்.

ஆனால் எவனோ தாலுகா ஆபீஸில் சொல்லிவிட்டான், சூளகிரியில் அம்மை என்று. அம்மை குத்துகிற சர்க்கார் ஆள் சைக்கிளில் பெட்டியோடு வந்துவிட்டார். நாகம்மா அவரிடம் உள்ளதைச் சொன்னாள்.

"யாருக்கும் அம்மை இல்லீங்க. சும்மா செருகினேன்."

"எல்லா வீட்லயும் இதையேதாம்மா சொல்றாங்க," என்று அவர் அலுத்துக்கொண்டு, வாசலில் நின்றபடியே சரோஜாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தெருப் பக்கம் திரும்பினாராம். ஒருத்தரை விடவில்லை. கையைப் பிடித்துக் குத்தித் திருகி, வீட்டுக்கு வீடு அழ வைத்துவிட்டுப் போனார். புளூ ஊசிக்காக எல்லை தாண்டி ஓடின வீரர்கள், அம்மை குத்த வந்ததும் வைக்கோல் போருக்குள் ஒளிந்தார்கள். கிருஷ்ணப்பாவைக் காபி அடுப்புக்குப் பின்னாலிருந்து இழுத்தார்களாம். அவன் கை வீங்கிக் கட்டி, காபி ஆற்ற ஆள் வைத்தான். இதைப் பாய் சொல்லக் கேட்டுச் சிரித்ததில் எனக்குத் தையல் போடாத குறைதான். நெஞ்சு அவ்வளவு வலித்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், மறுநாள் காலையில் பாயின் லாரி வந்து நின்றது. பாய் சிரிக்கவில்லை.

"சரோஜாவுக்கு வலி எடுத்திடுச்சு. கங்கம்மா வர மாட்டேன்னுட்டா."

கங்கம்மா எங்கள் சுற்றுவட்டாரத்துக்கே ஒரே மருத்துவச்சி. தெலுங்குக்காரி. அவள் தெருமுனைவரை வந்தாளாம். நிலையில் இலையைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள்.

டாக்டர் என்னை விட மாட்டேன் என்றான். "இன்னும் ஊசி பாக்கி இருக்கு. எழுந்தா திரும்பப் பிடிக்கும்," என்றான். நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு லாரியில் ஏறினேன். ரோடு முழுக்க எனக்கு மூச்சு எட்டவில்லை.

நான் போய்ச் சேருவதற்குள் கங்கம்மா விவகாரம் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. நாகம்மா சொன்னதைத்தான் எழுதுகிறேன். அவள் கூட்டியும் சொல்ல மாட்டாள், குறைத்தும் சொல்ல மாட்டாள்.

அவள் தெருமுனைக்கு ஓடி, கங்கம்மாவின் கையைப் பிடித்திருக்கிறாள். "அம்மை இல்ல கங்கம்மா. ஊரு சனம் உள்ள வரக்கூடாதுன்னு பொய்யா செருகினேன். இதோ பிடுங்கிப் போட்டுடறேன்."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அத்தனை பேருக்கும் கை வீங்கியிருந்தது.

"பொய்யா?" என்றாள் கங்கம்மா. "அய்யய்யோ, அம்மவாரு பேர்ல பொய்யா? நிசமா வந்திருந்தா, தண்ணி ஊத்தி எறக்கற வரைக்கும் காத்திருப்பேன். பொய் சொன்ன வாசலைத் தாண்டி வந்து நான் கை வெச்சா, என் கைல இனிமே எந்தப் புள்ளயும் தங்காது. நேனு ரானம்மா. வர மாட்டேன்."

பேச்சைப் பாருங்கள். உள்ளே ஒருத்தி துடிக்கிறாள். இவளுக்குத் தன் கைராசிக் கவலை. நான் இருந்திருந்தால் அவளைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே போட்டிருப்பேன். நாகம்மா அதைச் செய்யவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாளாம்:

"வாசல்தானே ஆகாது? பொண்ணு ஆகும்தானே?"

கங்கம்மா தலையாட்டினாளாம்.

நாகம்மா உள்ளே போய்ச் சரோஜாவைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, பின்கட்டு வழியாக வெளியே கூட்டி வந்தாள். பாயின் வீட்டம்மா இன்னொரு பக்கம் தாங்கிக்கொண்டாள். வலிக்கு நடுவே நிறுத்தி நிறுத்தி, ரோட்டைக் கடந்து, என் மண்டிக்குள் நுழைந்தார்கள். அங்கே வேப்பிலை இல்லை, பொய் இல்லை. புளி மூட்டைகளை நாலு பக்கமும் சுவர் மாதிரி அடுக்கச் சொன்னாள். பழைய கோணியெல்லாம் வெளியே போயிற்று. சோப்புப் போட்டுக் கழுவிய தரையில், காதர் பாய் வீட்டிலிருந்து வந்த புதுக் கோரைப் பாயை விரித்தார்கள். கங்கம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

நான் லாரியிலிருந்து இறங்கியபோது மண்டிக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே சரோஜாவின் குரல் கேட்டது. சின்ன வயதில் காலில் முள் ஏறியபோதுகூட அவள் அப்படிக் கத்தினதில்லை. என் மண்டி, என் கதவு. தள்ளினேன். நாகம்மா இடுக்கில் வந்து நின்றாள். தலை கலைந்து, ரவிக்கை நனைந்து.

"எங்க வர்றீங்க?"

"என் பொண்ணு..."

"உங்க சளியத் தூக்கிக்கிட்டு உள்ள வராதீங்க. இதுக்குத்தானே இத்தனையும் பண்ணச் சொன்னீங்க? ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயி நில்லுங்க."

முப்பத்து மூன்று வருஷத்தில் அவள் என்னிடம் அப்படிப் பேசினதில்லை. பாய் வேறு பக்கம் பார்த்தார். நான் ரோட்டைக் கடந்து புளியமரத்தடியில் போய் நின்றேன். லாரிகள் போயின. ஊர்க்காரர்கள் வீங்கின கையோடு போனார்கள்; ஒருத்தனும் என்னோடு பேசவில்லை. எனக்கும் அவர்களோடு பேச ஒன்றும் இல்லை. கிருஷ்ணப்பா மட்டும் ஒரு முக்காலியைத் தூக்கி வந்து தூரத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் படிக்காமல் போனான். நான் உட்காரவில்லை.

வெயில் சாய்ந்தபோது உள்ளே சத்தம் நின்றது. அந்த நேரத்தில் நான் எதை வேண்டினேன் என்று எழுத மாட்டேன். பிறகு சின்னதாக, பூனைக்குட்டி மாதிரி ஒரு அழுகை. அதற்குப் பின்னால் சரோஜா ஏதோ கேட்பதும், கங்கம்மா தெலுங்கில் அதட்டுவதும் காதில் விழுந்தன.

நாகம்மா கதவைத் திறந்து துணிச்சுருள் ஒன்றைத் தூக்கிப் பிடித்தாள். அவ்வளவு தூரத்தில் சிவப்பாக ஒரு முகம் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

"பொண்ணு!" என்று கத்தினாள். "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!"

"கிட்ட வந்து பாத்துட்டுப் போயிடறேன்!"

"இருமல் நின்னதுக்கு அப்புறம் பாக்கலாம்!"

"அது நின்னுடுச்சு!" என்று கத்தினேன். கத்தினதும் நெஞ்சுக்குள்ளிருந்து இருமல் கிளம்பி வந்தது. துண்டைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டி, மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.